கழிவு இரண்டு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
இருபது நிமிடம் உறுதி.
பைக் டேங்க்கின் மேல் நோட்டை விரித்துப்
பட்டியலை முடித்தேன்:
எலெக்ட்ரான், டபிள்யூ.பி.எஃப், கியூட்டி,
கடைசியில் ஒரு கேள்விக்குறி.

தியாகேசன் மாடர்ன் ரைஸ் மில்.
எடைமேடை அறையில் இரண்டு ஜிபி கணினி,
தவிட்டுத்தூள் அப்பிய சாம்பல் திரை,
யாரோ எழுதிய வி.பி. சிக்ஸ்.
யாரோ என்றால்
ரசீதின் அடியில் "ஆக்கம்: ஜே.ஆர்."
பக்கத்தில் உபயோகத்தில் இல்லாத ஒரு செல் நம்பர்.

"பளிச்சுன்னு இருக்கணும். போன்ல வர்ற மாதிரி"
என்றார் முதலாளி.
பௌசியா ஒன்றும் சொல்லவில்லை.
பதினோரு வருடமாக அவள் திரையைப் பார்த்ததே இல்லை.
கண் ஜன்னலுக்கு வெளியே
மேடையேறும் லாரியின் பின்சக்கரத்தில்.
விரல்கள் என்டர், என்டர், எஃப் ஃபைவ்.
லோடுக்கு ஒன்பது வினாடி.

மூன்று மாதிரிகள் கொண்டுபோனேன்.
முதலாவதைத் திறக்கவிட்டு
டீ குடித்து வந்தோம்.
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
இரண்டாவது அழகு,
பொத்தானுக்குக்கூட நிழல் விழும்.
அவள் மௌஸைத் தேடி எடுத்துக் கவிழ்த்தாள்.
அதன் வயிற்றில் உமி.
மூன்றாவதில் டேப் அடித்தால்
வண்டி எண்ணிலிருந்து நேரே தொகைக்குத் தாவியது,
மதகைத் திறக்காமலே
கடைமடைக்குத் தண்ணீர் போனதாகக்
கணக்கு எழுதுவதுபோல.
அதைத் திருத்திவிடலாம்.

பெயர்கள் வேறு.
பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில்
வேதையனின் கொம்பு முன்னே நடந்துவிட
வ பின்தங்கி நின்றது.
இப்படி மூவாயிரத்து நானூறு பேர்.
இரண்டு இரவுகள் போயின.

பொத்தானைப் பிரித்தபோதுதான் கிடைத்தது.
அந்தக் காலத்து வழக்கம் அது,
எல்லாம் பொத்தானுக்கு அடியிலேயே கிடக்கும்.
"சேமி"யின் அடியில் நானூற்றுப் பன்னிரண்டாம் வரி:
நிகர எடை கழித்தல்
மூட்டைக்கு இரண்டு கிலோ.
குறிப்பு இல்லை. நிபந்தனை இல்லை.
ஈரம் பதினான்கு என்றாலும் இரண்டு,
இருபத்திரண்டு என்றாலும் இரண்டு.
ரசீதில் வராது.

"எஃப் ஃபைவ் அடிச்சா ரசீது வரும் சார்.
எனக்கு அவ்ளோதான் தெரியும்."
லாரியைப் பார்த்தபடியே சற்று நேரம் கழித்து,
"எங்க அத்தாவும் இங்கதான் நெல்லு போடுறாங்க."

காட்சி வேறு, தரவு வேறு, விதி வேறு
என்று பிரித்து வைக்கச் சொல்கின்றன
எல்லா ஃபிரேம்வொர்க்குகளின் கையேடுகளும்.
பிரிக்கலாம்.
பிரித்தால் அந்த இரண்டுக்கு
ஒரு பெயர் வைத்தாக வேண்டும்.
பெயர் கேட்டு
விடிய விடியத் துடித்துக்கொண்டிருந்தது கர்சர்.

கியூட்டியை எடுத்தேன்.
முதலாளியிடம் சொன்ன காரணங்கள்:
பழைய மெஷினே போதும்,
கரண்ட் போய் வந்தால் நான்கு வினாடியில் எழுந்துவிடும்,
பௌசியாவின் விரல்கள் எதையும் மறக்க வேண்டியதில்லை.
எல்லாம் உண்மை.
சொல்லாமல் விட்டது
ஒரு இரண்டாம் திரை.
என் வீட்டில் சும்மா கிடந்த மானிட்டர்,
ஜன்னலுக்கு வெளியே முகம் காட்டி,
வண்டிக்காரர்கள் நிற்கும் பக்கம்.

எடை.
ஈரம்.
கழிவு: மூட்டைக்கு 2.

முதலாளி வெயிலில் நின்று வாசித்தார்.
"அந்த மூணாவது வரி எதுக்கு?"
"பழசுல இருந்ததுதான் சார்.
எதையும் விட்டுடாம
அப்படியே கொண்டு வந்திருக்கேன்."

அவர் உள்ளே போய்விட்டார்.
பௌசியா எழுந்து வெளியே வந்து
லாரி நிற்கும் இடத்தில் நின்று பார்த்தாள்.
"எழுத்து இன்னும் பெருசா வருமா சார்?"

வரும். வந்தது.
பாக்கிப் பணம்தான் வரவில்லை.
கேட் மூடும்போதெல்லாம்
ஒருமுறை போன் செய்து பார்க்கிறேன்.